ஒரு சர்வருக்குள் ஆறு சர்வர்: பலமும் பலவீனமும்



நான் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு டிப்ளமா. வேலையில் சேர்ந்தபோது கேபினில் லீவரைக் கையால் இழுத்துக் கைகாட்டியை இறக்கினோம். ஓய்வு பெறும்போது என் பொறுப்பில் குளிரூட்டிய அறையில் சர்வர்கள் இருந்தன. இரண்டு காலத்தையும் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் நம் சங்கத்து இளைஞர்கள் பிழை கண்டால் பொறுத்துத் திருத்துக.

இடுக்கி எல்லையில் ஒரு கூட்டுறவு நிறுவனம் இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். அதன் செயலாளர் என் நண்பரின் தம்பி. சில மாதங்களுக்கு முன் மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் பாலக்காட்டில் என் வீட்டுக்கு வந்தார். கையில் மூன்று விலைப்பட்டியல்கள். மூன்றிலும் சர்வர் ஒன்றுதான். உள்ளே போடும் மென்பொருளின் பெயர் மட்டும் வேறு வேறு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"அண்ணா, இதுல எது நல்லது? ஒண்ணைச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

ஒன்றைச் சொல்ல முடியவில்லை. சொல்வதற்கு முன் இருவருமாக ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரை.

1. மெய்நிகர் சர்வர் என்பது என்ன?

ஒரு தண்டவாளத்தில் நாள் முழுவதும் ஒரே ஒரு ரயில் ஓடினால் அந்தப் பாதை பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும். அதே பாதையில் இருபது ரயில்கள் ஓட வேண்டுமானால் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் உட்கார்ந்து, யார் எப்போது போவது, யார் லூப் லைனில் நிற்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

சர்வரும் அப்படித்தான். கணக்குக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, உறுப்பினர் பட்டியலுக்கு ஒன்று என்று தனித்தனி இயந்திரம் வைத்தால், அவை பெரும்பாலும் சும்மாவே இருக்கும். மின்சாரம் மட்டும் செலவாகும். ஆகவே சக்தியுள்ள ஒரே சர்வரை வாங்கி, அதன் மேல் 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருளை அமர்த்துகிறோம். இதுதான் நம் கட்டுப்பாட்டு அறை. அது ஒரு சர்வரைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடும்.

இது புதிய யோசனை அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972-ல் வி.எம்/370 என்ற பெயரில் தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் மேசையில் வைத்திருக்கும் வகைக் கம்ப்யூட்டருக்கு இதைக் கொண்டுவந்து பெயர் பெற்றது, 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம். அதன் சர்வர் மென்பொருள் 2001-ல் வந்தது. 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியைத் தங்கள் பிராசஸருக்குள்ளேயே வைத்த பிறகு பலரும் இந்தத் துறையில் இறங்கினார்கள்.

2. பலம்

முதல் பலம், சிக்கனம். 2021-ல் அந்தக் கூட்டுறவு நிறுவனத்தின் ஆறு பழைய கம்ப்யூட்டர்களை ஒரே சர்வருக்குள் கொண்டுவந்தோம். ஆறு யு.பி.எஸ். இருந்த இடத்தில் ஒன்று போதுமானதாயிற்று. மலையில் மின்சாரம் அடிக்கடி போகும். ஒன்றைக் காப்பாற்றுவது ஆறைக் காப்பாற்றுவதைவிட எளிது.

இரண்டாம் பலம், பழையதைக் காப்பாற்றுவது. அந்த ஆறில் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பி போட்ட மிகப் பழைய கம்ப்யூட்டர். அதற்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள்தான் உறுப்பினர்களின் பெயர், தந்தை பெயர், எந்த எஸ்டேட், எந்த லயம், எத்தனை பங்கு என்ற பட்டியல் முழுவதும் தமிழில் இருந்தது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருவும் அந்த நிரலும் இல்லாவிட்டால் எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும். மற்ற பதிவேடுகளில் இருக்கும் பெயர்கள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டவை. முருகாயி ஓரிடத்தில் முருகி, இன்னோரிடத்தில் மருகாய். பேர் சரியாக இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான். அதன் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது.

டிஸ்க்கை அப்படியே படியெடுத்து ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டராக்கினோம். பழைய இரும்பு போயிற்று. உள்ளே இருந்தது அப்படியே புதிய சர்வரில் எழுந்து நின்றது. ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட பழைய சிஸ்டத்தை வலையோடு இணைக்கக் கூடாது. ஆளில்லாத வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

மூன்றாம் பலம், நகர்த்தும் வசதி. மெய்நிகர் சர்வர் என்பது கடைசியில் சில கோப்புகள்தான். இரண்டு சர்வர்கள் இருந்தால், ஒன்றைப் பழுது பார்க்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் சர்வரை நிறுத்தாமலே மற்றதற்கு மாற்றலாம். ஒரு சர்வர் திடீரென்று விழுந்தால், அதிலிருந்தவை மற்றதில் தாமாகவே மீண்டும் தொடங்கும்படி செய்யலாம். இங்கே "மீண்டும் தொடங்கும்" என்பதைக் கவனியுங்கள். சில நிமிடம் தடை உண்டு. "தடையே இராது" என்று விற்பனையாளர் சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. பலவீனம்

மேலே சொன்ன பலம் எல்லாம், பலவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதால் வருகிறது. பலவீனமும் அதே காரணத்தால்தான் வருகிறது.

மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-ல் குறும்பாதை ரயிலாக மாறியது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே. தேயிலை அதில்தான் மலையுச்சிக்குப் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் போடிப் பக்கம் இறங்கியது. 1924-ம் ஆண்டு வெள்ளம் அந்தப் பாதையை அழித்தது. பிறகு அது கட்டப்படவே இல்லை. இன்றுவரை இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. எல்லாச் சரக்கும் ஒரே பாதையில் போனால், அந்தப் பாதை போகும் நாளில் எல்லாமே போகும்.

ஒரே சர்வரில் ஆறு சர்வர்களைச் சேர்ப்பதும் இதே அபாயம். 2023 பிப்ரவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான வி.எம்.வேர் சர்வர்களைப் பணம் பறிக்கும் நிரல் ஒன்று பூட்டிவிட்டது. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021-லேயே அடைப்பு வந்திருந்தது; பலர் போட்டுக்கொள்ளவில்லை. தனித்தனிக் கம்ப்யூட்டராக இருந்தால் ஒன்று போகும். இங்கே ஹைப்பர்வைசர் விழுந்தால் அதன் மேல் இருந்த அத்தனையும் விழும்.

அடுத்தது நான் செய்த தவறு. 2023-ல் கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்கும் முன், அந்த மெய்நிகர் சர்வருக்கு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்தேன். புதுப்பித்தது சரியில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப இது உதவும். புதுப்பித்தது சரியாகவே முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை நீக்க மறந்து ஊர் திரும்பிவிட்டேன்.

ஸ்னாப்ஷாட் என்பது புகைப்படம் அல்ல. அதை எடுத்த கணத்திலிருந்து, பழைய டிஸ்க்கைத் தொடாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நீக்கும் வரை அந்தக் கோப்பு வளரும். மாதங்கள் கழித்து, பணம் பட்டுவாடா செய்யும் நாளில், டிஸ்க் நிரம்பிவிட்டது. கணக்கு மட்டுமல்ல, ஆறும் நின்றுபோயின. எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் மாலை வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். போனில் நான் சொல்லச் சொல்ல, அங்கே குமாஸ்தாவாக இருக்கும் பெண் தேவையில்லாத கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்கி, ஸ்னாப்ஷாட்டை மூல டிஸ்க்கோடு சேர்த்து, ஒவ்வொன்றாக எழுப்பினாள். அன்று போயிருந்தால் அந்தத் தமிழ்ப் பட்டியலும் போயிருக்கும். ஏனென்றால் அதன் பிரதியையும் நாங்கள் அதே சர்வரில்தான் வைத்திருந்தோம்.

பாடம் இரண்டு. ஸ்னாப்ஷாட் காப்புப்பிரதி அல்ல. வேலை முடிந்ததும் நீக்குக. காப்புப்பிரதி அதே பெட்டியில் இருந்தால் அது காப்பு அல்ல. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது உலகம் முழுவதும் சொல்லும் விதி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்ததைப் பார்த்த நமக்கு "வேறு ஊர்" ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு பலவீனங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நினைவகம்: பிராசஸரைப் பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் ஒரு பக்கவாட்டு இருக்கையில் இருவர் உட்கார்வதுபோல, நெருக்கடி இருந்தாலும் பயணம் நடக்கும். நினைவகம் அப்படி அல்ல. இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் எல்லாமே ஊர்ந்து போகும். ஆகவே கூட்டிப் பார்த்து வாங்குக. எங்கள் ஆறுக்கும் தேவை 16+8+8+4+2+2, ஆக 40 ஜி.பி. ஹைப்பர்வைசருக்கு 8 சேர்த்தால் 48. இரண்டு சர்வர் வாங்கினால், ஒன்று விழும்போது மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். எனவே ஒவ்வொன்றிலும் 48-க்குக் குறையாமல், அதாவது 64 ஜி.பி. வேண்டும். ஆளுக்குப் பாதி என்று 32 போடுவது பணத்தை மிச்சம் பிடித்து மானத்தை விடுவதாகும்.

இரட்டை அதிகாரம்: ஒற்றைப் பாதையில் பந்து டோக்கன் முறை பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே டோக்கன் வைத்திருக்கும் டிரைவர் மட்டுமே போகலாம். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது கருவி இன்னொன்றைத் தராது. இரண்டு சர்வர்களுக்கு இடையே உள்ள கேபிள் அறுந்தால், மற்றவன் செத்தான் என்று இரண்டுமே நினைத்து ஒரே டிஸ்க்கில் எழுதத் தொடங்கும் அபாயம் உண்டு. எதிரெதிராக இரண்டு ரயில் வருவதற்குச் சமம். இதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு வாக்கு வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால்தான் செயல். எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் முறையிலும் மூன்றில் இரண்டு என்ற இதே ஏற்பாடு உண்டு. மூன்றாவது, முழு சர்வராக இருக்க வேண்டியதில்லை. வாக்களிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் போதும்.

4. எந்த மென்பொருள்?

வி.எம்.வேர்: இத்துறையில் மூத்தது. பெரிய நிறுவனங்களில் நெடுநாள் ஓடிச் சோதிக்கப்பட்டது. நிர்வாகக் கருவிகள் நேர்த்தியானவை. காப்புப்பிரதி மென்பொருள், சேமிப்புக் கருவி எல்லாம் இதற்கு ஒத்துப்போகும். பயிற்சி பெற்றவர்களும் கிடைப்பார்கள். பலவீனம் செலவு. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் இதை வாங்கியது. அந்த டிசம்பரிலேயே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றியது. கணக்கு, பிராசஸரின் 'கோர்' எண்ணிக்கைப்படி. ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 16 கோர். உங்கள் சர்வரில் 8 கோர் பிராசஸர் இரண்டு இருந்தால், உண்மையில் 16 கோர். கட்ட வேண்டியதோ 32-க்கு. சிறிய நிறுவனங்களுக்கு இது உறைக்கும். இலவசப் பதிப்பு 2024-ல் நிறுத்தப்பட்டு 2025-ல் திரும்பி வந்தது. ஆனால் பல சர்வர்களைச் சேர்த்து ஆளும் வசதி அதில் கிடையாது.

ஹைப்பர்-வி: மைக்ரோசாஃப்டுடையது, 2008-ல் வந்தது. விண்டோஸ் சர்வர் வாங்கினால் கூடவே வரும். விண்டோஸ் பழகியவருக்கு எளிது. ஸ்டாண்டர்டு பதிப்பில் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் சர்வர்களுக்கு உரிமை உண்டு. டேட்டாசென்டர் பதிப்பில் வரம்பில்லை. எல்லாம் விண்டோஸ் என்றால் இது லாபம். லினக்ஸும் ஓடும், ஆனால் ஹைப்பர்வைசரைத் தாங்கும் விண்டோஸுக்கே மாதாமாதம் புதுப்பிப்பும் அதற்காக மறுதொடக்கமும் வரும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

கே.வி.எம்.: 2007-ல் லினக்ஸின் மையத்திலேயே சேர்க்கப்பட்டது. உரிமக் கட்டணம் இல்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. வெறும் கே.வி.எம்.மைக் கையாள்வது கடினம். ஆஸ்திரியாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ், 2008 முதல் அதற்கு ஒரு நல்ல முகம் கொடுத்திருக்கிறது: உலாவியில் திறந்து எல்லாவற்றையும் இயக்கலாம், காப்புப்பிரதி வசதியும் உண்டு. சந்தா கட்டாயமில்லை; கட்டினால் சோதிக்கப்பட்ட புதுப்பிப்புகள் கிடைக்கும், ஆதரவு வேண்டுமென்றால் அதற்கேற்ற சந்தா எடுக்க வேண்டும். பலவீனம்: "நீயே கற்றுக்கொள்" என்பதுதான். சில கணக்கு மென்பொருள் விற்பனையாளர்கள் "எங்கள் நிரல் இதில் ஓடினால் நாங்கள் பொறுப்பல்ல" என்று கை கழுவுவதும் உண்டு.

ஜென்: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-ல் வெளிவந்தது. இதுவும் திறந்த மூலம்தான். அதன் இன்றைய இலவச வடிவங்களில் ஒன்று எக்ஸ்.சி.பி.-என்.ஜி. உறுதியானது, ஆனால் நம் பக்கத்தில் இதைத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது.

5. பாதை மாற்றத்தின் பாடம்

செயலாளர் கேட்டார்: "இப்போ ஒண்ணைப் போட்டுட்டு, பிடிக்கலைன்னா பின்னாடி மாத்திக்கலாமில்லையா?"

மாற்றலாம். ஆனால் எப்படி என்பதுதான் கேள்வி. பாலக்காடு - பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதையை 2008-ல் மூடினார்கள். அகலப்பாதையில் ரயில் வந்தது 2015-ல். மதுரை - போடி பாதை 2010 முடிவில் மூடப்பட்டது. தேனி வரை 2022 மே, போடி வரை 2023 ஜூன். இடுக்கிக்காரர்கள் இறங்கி ஏறும் ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ரயில் இல்லை. ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து பிளஸ் டூ முடிக்கும் காலம். மாற்றம் நல்லதுதான், ஆனால் அது வரும்வரை பயணி எப்படிப் போவான் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மென்பொருளும் ஒரு கேஜ்தான். ஒன்றின் டிஸ்க் கோப்பு வடிவம் மற்றதில் அப்படியே ஓடாது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு. வி.எம்.வேரிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யும் வசதியை ப்ராக்ஸ்மாக்ஸ் 2024-ல் சேர்த்தது. ஆனாலும் டிரைவர் மாறும், நெட்வொர்க் எண் மாறும், சில கணக்கு மென்பொருளுக்கு யு.எஸ்.பி.யில் செருகும் பூட்டுச் சாவி ஒரு சர்வரோடு கட்டிப்போடும். ஆகவே உள்ளே நுழையும் முன்னரே வெளியேறும் வழியைக் கேளுங்கள். என் அனுபவத்தில் எல்லா அட்டவணைகளையும்விட இந்த ஒரு கேள்விதான் பெரியது.

6. நாங்கள் செய்தது

இரண்டு கேள்விகளில் முடிவு செய்தோம். இரவு பத்து மணிக்கு அது நின்றுபோனால், அந்த ஊரில் யார் எழுப்புவார்கள்? ஐந்தாண்டு கழித்து விலை ஏறினால், நம் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில் அந்தக் குமாஸ்தாப் பெண்தான். தமிழ் வழிப் பள்ளியில் படித்தவள். நம் மாநில அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-ல் 'கைட்' நிறுவனமானது, பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டுவந்ததால் அவளுக்கு அது பத்தாம் வகுப்பிலேயே பழக்கம். எனவே ப்ராக்ஸ்மாக்ஸ் எடுத்தோம். மிச்சமான பணத்தில் இரண்டாவது சர்வரும், வாக்களிக்க ஒரு சிறு கம்ப்யூட்டரும் வாங்கினோம். அங்கே விண்டோஸ் மட்டுமே தெரிந்தவர் இருந்திருந்தால் ஹைப்பர்-வி என்றிருப்பேன். முந்நூறு மெய்நிகர் சர்வர் ஓடும் பெரிய மருத்துவமனை கேட்டிருந்தால், வி.எம்.வேர் சந்தாவைக் கட்டுவதா என்று உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லியிருப்பேன்.

மாற்றும்போது பாதையை மூடவில்லை. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்க, வாரம் ஒன்றாக மாற்றினோம். வருகைப் பதிவு முதலில், கணக்கு கடைசியில், அதுவும் மார்ச் 31 முடிந்த பிறகு. தமிழ்ப் பெயர்ப் பட்டியலை மட்டும் முதல் நாளே மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று அங்கே, ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று பாலக்காட்டில் என் வீட்டு அலமாரியில், பூட்டுச்சொல் போட்டு. இப்போது அந்தப் பெண் வாரத்துக்கு ஐம்பது பெயராக யூனிகோடில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த வேலை முடிந்தால் எக்ஸ்பி பெட்டிக்கு நிரந்தர ஓய்வு.

பயிற்சி

1. நான்கு மெய்நிகர் சர்வர்களுக்கு முறையே 16, 8, 8, 4 ஜி.பி. தேவை. ஹைப்பர்வைசருக்கு 8. இரண்டு சர்வர் வாங்கினால் ஒவ்வொன்றிலும் குறைந்தது எவ்வளவு நினைவகம் வேண்டும்?

2. உங்கள் அலுவலகத்துக் காப்புப்பிரதி இப்போது எந்த ஊரில் இருக்கிறது? அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தது எப்போது?

முதல் கேள்விக்கு விடை 44. கடையில் கிடைக்கும் அளவில் 48 அல்லது 64. இரண்டாவது கேள்விக்கு விடை உங்களிடம்தான். இல்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடுங்கள்.

ஐயம் இருப்பவர்கள் சங்க அலுவலகத்துக்கு எழுதினால் தெரிந்த வரையில் பதில் தருகிறேன்.